பனிமலை இல்லாத கடல்

“ஆயிரத்துக்கு மேலை சனம், அம்மா! ஒரே இரவிலை எல்லாரும் கடலுக்குள்ளை!” ஏரம்பமூர்த்தி புத்தகத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, இங்கிலீசில் வாசித்ததைத் தமிழில் சொன்னான்.

“ஐயோ, முருகா! அந்த இடத்தை இன்னொருக்கா வாசி, தம்பி,” என்றாள் அவன் தாய் ரத்தினம்மா.

கரண்டியும் கையுமாகக் குசினி வாசலில் நின்ற பூரணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் பனிமலையில் மோதி மூழ்கிய அந்தப் பெரிய கப்பலைப் பற்றி இது மூன்றாவது புத்தகம். சீமையிலிருந்து புதிதாக ஒன்று வந்திறங்கினால் போதும், கந்தோர் வேலை முடிந்து வரும் வழியில் கணவன் வாங்கி வந்துவிடுவான். மாமி கதை கேட்பாள், நெஞ்சில் கை வைப்பாள், பூரணத்தின் பயணம் தள்ளிப்போகும்.

அவளுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதானே முறை? கல்யாணம் முடிந்து சிங்கப்பூருக்கு அனுப்பும்போதே, “முதல் பிள்ளைக்கு என்னட்டை வந்திடவேணும்” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா. அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஊர்ச் செய்தியெல்லாம், பூரணத்தின் அண்ணன் அவள் கணவனுக்கு எழுதும் கடிதங்களில் வருவதுதான்.

நாளைக் காலையில் தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் போகிறது. அதையும் விட்டால், பிறகு எந்த மருத்துவிச்சியும் அவளைக் கப்பலேற விடமாட்டாள்.

எல்லாம் மாமியின் வேலை என்பதில் பூரணத்துக்குச் சந்தேகமே இல்லை. சீதனக் காணி விஷயத்தில் அம்மாவோடு முறைத்துக்கொண்டவள், இன்றுவரை சம்பந்தி பெயரை வாயால் சொன்னதில்லை. அந்தக் கோபத்தை மருமகள் தலையில்தான் இறக்குவாள். மாசி மாதம் இப்படித்தான், வாய்க்கு ருசியாக மீன்குழம்பு கேட்டவளுக்கு ஒரு கிழமை, ஏழு நாளும், வெறும் மரக்கறியைச் சமைத்துப் போட்டாள். அந்த வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு வெளிக்கிட்டவளை, “இண்டைக்கு வேண்டாம்” என்று வாசலிலேயே மறித்தாள். காரணம் கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். வீம்பு, வேறென்ன!

“இஞ்சேருங்கோ, நாளைக்குக் கப்பல். டிக்கெட் எடுத்தாச்சோ?”

ஏரம்பமூர்த்தி அவசரமாக ஒரு பக்கத்தைப் புரட்டினான். “அடுத்த கப்பலைப் பாப்பம், பூரணம். கேட்டனீரே? மூழ்கவே மாட்டாது எண்டு சொன்ன கப்பலாம்.”

“அது பனிமலையிலை மோதினது. சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் நடுவிலை எங்கை பனிமலை இருக்கு? இஞ்சை வேர்வை துடைக்கவே நேரம் காணேல்லை!”

“புயல் இருக்கு, பிள்ளை. பாறை இருக்கு,” என்றாள் ரத்தினம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“அப்ப இஞ்சையிருந்து பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போன பெண்டுகள் எல்லாரும் கடலிலையோ செத்தவை? நீங்களும் கப்பலிலைதானே வந்தனீங்கள், மாமி?”

மாமி மகனைப் பார்த்து, “நீ வாசி, தம்பி,” என்றாள்.

அவ்வளவுதான். பூரணம் புத்தகத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினாள். அது வாசல் கானில் ஓடிய மழைத்தண்ணீரில் விழுந்தது. கப்பல் படம் போட்ட அட்டை மூழ்காமல் நன்றாகவே மிதந்து போனது.

அறைக்குள் போய் டிரங்குப்பெட்டியை இழுத்து வந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“கொஞ்சம் பொறும், பூரணம்...” கணவன் எழுந்தான். தாயைப் பார்த்தான்.

“அவவை ஏன் பாக்கிறியள்? எனக்குத் தெரியும். என்ரை அம்மாவை இவவுக்குப் பிடிக்காது. என்ரை பிள்ளையை அம்மா கையிலை ஏந்துறது பொறுக்கேல்லை. அதுக்குத்தான் இந்தக் கப்பல் கதையெல்லாம்!”

“சத்தம் போடாதை, பிள்ளை. வயித்துக்குக் கூடாது.”

“இவ்வளவு நாளும் இல்லாத கரிசனை இப்ப எங்கையிருந்து வந்தது? கப்பல் கவிழ்ந்தால் கவிழட்டும். நான் நடந்தெண்டாலும் துறைமுகத்துக்குப் போவன். அம்மா அங்கை வாசல் படலையைப் பாத்துக்கொண்டு நிப்பா.”

ரத்தினம்மா எழுந்து வந்தாள். கன்னத்தில் அறைதான் விழப்போகிறது என்று பூரணம் நினைத்தாள். விழட்டும், அதற்கும் தயாராகத்தான் நின்றாள்.

மாமி கை ஓங்கவில்லை. அவளைத் தோளில் பிடித்து மெதுவாகப் பெட்டியின் மேல் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கை இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏரம்பமூர்த்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“உன்ரை அம்மா மாசியிலையே கண்ணை மூடிட்டா, பிள்ளை.”