நாலாவது முதலாளி

"நீங்க என்ன வேணா மாத்திக்குங்க. காலையில ஆறு மணி நிகழ்ச்சியில மட்டும் கை வெச்சீங்கன்னா, நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்!"

புது முதலாளியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள் ரேடியோ அக்கா. சொன்னால் செய்பவள்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த எஃப்.எம். நிலையத்தில் மூன்று முதலாளிகளைப் பார்த்தாயிற்று. அச்சகக்காரர் நடத்தியபோது நாள் முழுக்கச் செய்தி. ஜவுளிக்கடைக்காரர் வாங்கியதும் பழைய பாட்டு. அடுத்து வந்த கான்ட்ராக்டருக்கு அரட்டை என்றால் உயிர். யார் வந்தாலும், யார் போனாலும் காலை ஆறு முதல் ஏழு வரை அக்காவின் அறிவிப்புகள்தான். தண்ணீர் எப்போது வரும், எந்தத் தெருவில் கரண்ட் கட், யார் வீட்டு நாயைக் காணோம், எல்லாம் அதில் வந்துவிடும்.

நாலாவதாக வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

"இனிமே இருபத்திநாலு மணி நேரமும் புதுப் பாட்டு. கம்ப்யூட்டரே போட்டுக்கும். உங்க நிகழ்ச்சியை யாருக்கா கேக்கறாங்க?"

அக்கா சும்மா விடுவாளா? வீடு வீடாக ஏறி இறங்கி முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள். வியாழக்கிழமை சாயங்காலம், குடியிருப்போர் சங்கத் தலைவர், மருந்துக்கடைக்காரர் என்று பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு முதலாளியின் அறைக்குள் நுழைந்தாள்.

"அக்கா குரல் கேக்காம எனக்குக் காப்பியே இறங்காதும்மா" என்றார் தலைவர்.

"நான் கடையைத் திறந்ததும் முதல் வேலையா ரேடியோவைத்தான் போடுவேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

முதலாளி கையெழுத்துத் தாள்களை நிதானமாகப் புரட்டினாள்.

"இந்த வாரமும் கேட்டீங்களா?"

"தினமும்!"

"இன்னிக்குக் காலையில?"

"பிரமாதம்! வழக்கம்போல கணீர்னு இருந்தது" என்றார் தலைவர்.

"திங்கட்கிழமையிலேருந்து அக்கா பேசறது எதுவும் வெளியே போகல சார். டெக்னீஷியன்கிட்ட சொல்லி லைனைக் கழட்டிட்டேன். அவங்க ஹெட்போன்ல மட்டும்தான் அவங்க குரல் கேக்கும். வெளியில நாலு நாளா ஓடறது புதுப் பாட்டு."

பத்து முகத்திலும் ஈயாடவில்லை.

"உங்கள்ல ஒருத்தராவது போன் பண்ணி ஏன்னு கேப்பீங்களான்னு பார்த்தேன்."

மருந்துக்கடைக்காரருக்குத் திடீரென்று கடை ஞாபகம் வந்தது. தலைவரின் செல்போன் அடிக்கவே இல்லை. ஆனாலும் அதைக் காதில் வைத்து "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி வெளியே போனார். இரண்டே நிமிடத்தில் அறை காலி.

அக்காவுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. நாலு நாள் சுவரோடு பேசியிருக்கிறாள்! அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

"என்னை முட்டாளாக்கினது இருக்கட்டும். எட்டு வயசுக் குழந்தைக்கு ஆபரேஷன், ரத்தம் வேணும்னு நாலு நாளா தொண்டை கிழியப் படிச்சேனே. அதுவுமா போகல? அந்தப் பெத்தவ என்னை நம்பில்ல உக்காந்திருப்பா!"

முதலாளி தலை குனிந்தாள்.

"மத்தியானம் ரத்த வங்கியிலேருந்து போன் வந்துதுக்கா. நாலு நாள்ல வந்த ஒரே போன். 'அக்கா படிச்ச அரை மணி நேரத்துல அஞ்சாறு பேர் வந்து நிப்பாங்க. லாரி ஓட்டறவரு, வாட்ச்மேன், தையல் வேலைக்குப் போற பொண்ணு... இந்த வாரம் ஒருத்தரையும் காணோம். அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டாங்க."

"ஐயோ, குழந்தை?"

"ஆபரேஷனை நாளைக்குச் சாயங்காலத்துக்குத் தள்ளி வெச்சிருக்காங்க."

"ரத்தம் இல்லாம எப்படிம்மா?"

முதலாளி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். உள்பக்கம் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"ஒரு பாட்டில் கிடைச்சாச்சு. இன்னும் மூணு வேணும். என்கிட்ட இதுக்கு மேல எடுக்க மாட்டேன்னுட்டாங்க. லைனை மாட்டச் சொல்லிட்டேன். காலையில ஆறு மணிக்கு வந்துடுங்கக்கா."