தொடக் கூடாத குழு

“கன்ட்ரோல் குரூப்பைத் தொட்டது யாரு?”

பேராசிரியை போட்ட சத்தத்தில் ஆராய்ச்சி மாணவி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஸ்கேல் மேடம்’. அவர் சிரித்துப் பார்த்ததாக அந்தத் துறையில் யாரிடமும் தரவு இல்லை.

தனியாக வாழும் முதியவர்களோடு தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் போனில் பேசினால், அவர்களுடைய தனிமை குறையுமா? இதுதான் மாணவியின் ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் போட்டு அவர்களை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியோடு மாணவி மாதக்கணக்கில் பேசினாள்.

மறு பாதியோடு யாரும் பேசக் கூடாது. தொடக்கத்திலும் முடிவிலும் கேள்வி கேட்டு, தனிமைக்கு மார்க் போடுவதோடு சரி. அதுதான் கட்டுப்பாட்டுக் குழு. அவர்களோடு ஒப்பிட்டால்தானே பேச்சுக்கு உள்ள பலன் தெரியும்?

இப்போது கணக்குப் போட்டால், இரண்டு பாதிக்கும் தனிமை சரிசமமாகக் குறைந்திருந்தது.

“பேசினாலும் ஒண்ணுதான், பேசாட்டியும் ஒண்ணுதான்னு வந்திருக்கு. நம்ம கருதுகோள் மண்ணைக் கவ்விடுச்சு!”

“தானா குறைஞ்சிருக்கலாம் மேடம்...”

“தானா குறையறதுக்கு அது என்ன ஜலதோஷமா?”

அடுத்த வாரம் ஆய்வுக் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும். அங்கே இதைக் காட்டினால் பட்டம் கிடைத்த மாதிரிதான்.

“உண்மையைச் சொல்லு. நீ பேசினியா?”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரே ஒரு அம்மாகிட்ட மட்டும் மேடம். முதல் தடவை கேள்வி கேட்கப் போனப்போ, ‘உங்ககூட கடைசியா உட்கார்ந்து பேசினது யாரு’ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம், ‘நீதாம்மா’ன்னாங்க. எனக்கு மனசு கேட்கலை. தினமும் அவங்களுக்கும் போன் போட்டுட்டேன்.”

“அடிப்படைப் பாடத்துலயே கோட்டை விட்டிருக்கே! மனசு கேட்கலைன்னு ஆளாளுக்குக் கிளம்பிட்டா அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?”

“தப்புதான் மேடம். கமிட்டியில நானே சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி அந்த அம்மாவோட மார்க்கை எடுத்துட்டு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.”

“அதெல்லாம் வேண்டாம். விடு.”

பேராசிரியை இப்படிச் சொல்லி மாணவி கேட்டதே இல்லை. ஒரு கணக்கை மூன்று தடவை போடச் சொல்கிற ஆள் அவர். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த ஒருவரை விலக்கினாள். சராசரி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இடைநிலை அளவையும் எடுத்துப் பார்த்தாள்.

“மேடம், தனி ஒரு ஆள் சராசரியை வேணா இழுக்கலாம், வரிசையில நடுவுல நிக்கறவரை இழுக்க முடியாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? இங்க நடுவுல இருக்கிறவருக்கும் குறைஞ்சிருக்கு. இது அந்த அம்மாவால வந்தது இல்லை. மத்தவங்களோடயும் யாரோ பேசியிருக்காங்க!”

பேராசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“நீ நேர்ல போகாம வீட்டுல உட்கார்ந்தே மார்க்கை நிரப்பிட்டியோன்னு ஆரம்பத்துல எனக்குச் சந்தேகம். எல்லா கைடும் பண்றதுதான். சரிபார்க்கலாம்னு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். நீ தினமும் பேசற பாதி, ‘ஆமா, அந்தப் பொண்ணு வந்துச்சு’ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. இந்தப் பாதி...”

“இந்தப் பாதி?”

“வைக்கவே விடலை. ‘நாளைக்கும் பண்ணுவியாம்மா’ன்னு கேட்டாங்க. மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

மாணவி லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

“உன்னைத் திட்டினேனே தவிர, என் தப்பைச் சொல்ல எனக்குத் தைரியம் வரலைம்மா. உனக்கு இருந்துச்சு. கமிட்டியில நான் பேசிக்கறேன், அவகாசமும் நானே வாங்கித் தரேன். புது ஆளுங்களோட மறுபடி ஆரம்பி. முதல் பாதிக்கு முடிஞ்சதும் அடுத்த பாதியோடயும் பேசணும்னு திட்டத்துலயே எழுதிடு.”

“அப்போ நீங்க இவங்க எல்லாரோடயும் பேசினீங்களா மேடம்?”

“ஒரே ஒரு அம்மாவைத் தவிர. சாயங்காலமானா அவங்களுக்கு மட்டும் எப்போ போட்டாலும் லைன் பிஸி.”