மணிலாவிலிருந்து டாவோ இரண்டு மணி நேரம்

டிசம்பரில் விடுப்பு மட்டும் கேட்காதே என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். நான் கேட்கிறேன். “அம்மா செத்துட்டாங்க சார். நான் போற வரைக்கும் சவப்பெட்டிய மூடாம வெச்சிருக்காங்க. ஒரு வாரம் லீவு வேணும்.” தொலைபேசியில் விமானச் சீட்டு விற்கும் எங்கள் அலுவலகத்தின் மேலாளர் ஒகாம்போ, வறுத்த பன்றித்தோலை வினிகரில் முக்கி மெல்கிறார். குழல்விளக்கு வெளிச்சத்தில் அவர் உதட்டில் ஒட்டிய கொழுப்பு மினுங்குகிறது. பல்லிடுக்கை நகத்தால் குடைந்து, வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார். “டாவோதானே மேரிசெல்? ரெண்டு மணி நேரம். நீயே நாள் பூரா போன்ல சொல்றியே. காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடு.” “எங்க ஊர்ல விமானம் இறங்காது சார். டாவோலேருந்து பஸ்ல அரை நாள், அப்புறம் மலை ஏறணும்.” “பட்டம் வாங்கினவ, மலையிலயா பொறந்த?” சிரிக்கிறார். எச்சிலோடு ஒரு துணுக்கு பறந்து வந்து என் சட்டைக் கையில் ஒட்டுகிறது. “சாவு வீட்லேருந்து நேரா இங்க வந்துடாத. வழியில எங்கயாவது காப்பி குடிச்சிட்டு வா. இல்லேன்னா செத்தவங்களும் கூடவே வந்துடுவாங்க. சீசன் நேரம்.” துணுக்கைத் தட்டிவிடுகிறேன். காதுமாட்டியைக் கழற்றி வினிகர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். “பயப்படாதீங்க சார். எங்கம்மாவுக்கு நாத்தம் ஆகாது, இங்க வர மாட்டாங்க.” கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடக்கிறேன். காலையிலேயே வாங்கிய சீட்டு பையில் இருக்கிறது, போவதற்கு மட்டும்.