ஜாம்பியின் மூக்கு

மயில்சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதிர் வரைந்த வீடியோ கேமில், நாலு பாகத்திலும் வெட்ட வெட்ட எழுந்து வரும் ஜாம்பிக்கு அவருடைய மூஞ்சி.

ஆறு வருஷமாக அவன் முகத்தில் விழிக்காதவர், நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு எடப்பாடியில் அவன் வீட்டுக்கே போனார்.

“பாருங்க. இந்தக் கோண மூக்கும் ஒட்டுப் புருவமும் எங்க வம்சத்தைத் தவிர வேற எவனுக்கு இருக்குதுங்க? என்னைத்தான் வரைஞ்சிருக்கறான். அழிடா அதை.”

“உங்களை வரையலீங்க,” என்றான் கதிர். “கண்ணாடியில என் மூஞ்சியப் பார்த்துத்தான் வரைஞ்சேன்.”

சாட்சிகள் அவன் மூக்கைப் பார்த்தார்கள். பிறகு மயில்சாமியின் மூக்கைப் பார்த்தார்கள்.

“நிலத்துல பங்கு கேட்டப்ப, நான் உங்க தம்பிக்குப் பொறந்தவனே இல்லைன்னு கோர்ட்டுல சொன்னீங்க. இப்பச் சொன்னதையும் அங்க வந்து சொல்லுங்க, பெரியப்பா. சாட்சிக்குத்தான் நீங்களே ஆள் கூட்டியாந்துட்டீங்களே.”