பச்சைத் தொட்டியில் சால்னா கவர்

"தெரியும் சார், வாங்க வாங்க! செருப்போடவே வாங்க, நேரா கொல்லைப் பக்கம் போயிருவோம்."

வாசலில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் "நாங்க..." என்று வாயைத் திறப்பதற்குள் ஸ்யாமளா அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கூட வந்த அம்மாளும், கையில் செல்போனோடு நின்ற இளைஞனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

குப்பை வண்டி பாண்டியம்மாள் முந்தின நாளே எச்சரித்திருந்தாள். "நாளைக்குக் காலையில கார்ப்பரேஷன்லருந்து குப்பை செக்கிங் வாராங்கக்கா. ஒரு சாரு, ஒரு மேடம், செல்லுல போட்டோ புடிக்க ஒரு ஆளு. குப்பை கலந்து கிடந்தா தெருமுனை போர்டுல பேரை எழுதிப் போட்டுருவாங்க."

பசுமலையில் இருபது வருஷமாகத் தலைநிமிர்ந்து நடக்கிறவளின் பெயர் தெருமுனையில் தொங்குவதா? விடிந்ததும் விடியாததுமாகப் பால் கவர்களை அலசிக் கொடியில் காயப்போட்டிருந்தாள் ஸ்யாமளா. மக்குகிற குப்பை பச்சைத் தொட்டியில், மக்காதது நீலத் தொட்டியில்.

"மக்குறது உரமாப் போகுது சார். மத்ததெல்லாம் மறுசுழற்சிக்கு. நம்ம வீட்டுக் கவரு ஒண்ணுகூட வைகைக்குப் போகாது, மாட்டு வயித்துக்கும் போகாது" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, பச்சைத் தொட்டியைத் திறந்தாள். "வாடையே இல்ல. மேடம், நீங்களே மோந்து பாருங்க!"

அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். என்னவென்று குனிந்து பார்த்த ஸ்யாமளாவுக்குப் பகீரென்றது. வாழைப்பழத் தோலுக்கு நடுவே எண்ணெய் மினுமினுக்க ஒரு சால்னா கவர்! அந்த நேரம் பார்த்து இளைஞன் செல்போனைத் தூக்கினான்.

"போட்டோ எடுக்காதீங்க தம்பி! இது எம் பொண்ணு தீப்தி பண்ற வேலை. சமையக்கட்டுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டா. எந்நேரமும் பரோட்டா பார்சல்தான். தின்னுட்டுக் கவர எங்க போடணும்னுகூடத் தெரியாது. சொன்னா எம்மேலயே எரிஞ்சு விழுவா. அம்புட்டுச் சோம்பேறி!"

உண்மையில், குப்பையைப் பிரிக்கச் சொல்லி மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவளே தீப்திதான். அந்தச் சால்னா ஸ்யாமளா தின்றது. பெற்ற பெண்தானே, பொறுத்துக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"அப்ப வீட்டு வேலை எதுவும்..." என்று இழுத்தார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"ஒரு டம்ளரக்கூடக் கழுவ மாட்டா சார்! பேரு எழுதுறதா இருந்தா அவ பேரையே எழுதிக்கங்க."

"வேணாம்மா. எல்லாம் புரிஞ்சுபோச்சு."

தப்பித்தோம் என்று ஸ்யாமளா மூச்சு விட்டாள். அதற்குள் வாசலில் பாண்டியம்மாளின் குரல் கேட்டது. "அக்கா! செக்கிங் சாரெல்லாம் வந்துட்டாங்க, தொட்டிய வெளிய எடுத்து வைங்க!"

ஸ்யாமளா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப... நீங்க?"

"நாளைக்குப் பொண்ணு பாக்க வாரதா உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லியிருந்தோம். இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தோம், அப்படியே இன்னைக்கே பாத்துரலாம்னு..." என்றபடி வெள்ளைச் சட்டைக்காரர் மகனை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். "பெத்தவ நீங்களே இம்புட்டு விவரமாச் சொன்ன பெறகு, பொண்ண வேற எதுக்கும்மா கூப்பிட்டுக்கிட்டு?"