பொன்னாடை

வங்கி வேலையை விட்ட வளர்மதிக்கு வழியனுப்பு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். ஓய்வு பெறுகிறவர்களுக்குப் போர்த்துவது அது. கேக் செய்து விற்கப் போகிறேன் என்று முப்பத்தைந்து வயதில் கிளம்புகிறவளுக்கு வேறென்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பா அந்தப் பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். தனக்குப் போர்த்தியதை அவர் இன்னும் பீரோவில் அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்.

“இதையும் பத்திரமா வச்சிடுறேன்மா. நாளைக்கே உனக்கு மனசு மாறினா...”

“மாறாதுப்பா.”

“கேக்கெல்லாம் ஒரு பொழப்பா? பொறந்தநாளுக்கு ஒருநாள் திங்கறது.”

“தினம் யாருக்காவது பொறந்தநாள்தான்.”

ஓவன் மணி அடித்தது. பிடிதுணியைத் தேடினாள், கிடைக்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த பொன்னாடையை உருவி நாலாக மடித்தாள்.

“ஜரிகைம்மா” என்றார் அப்பா.

அவள் அதாலேயே கொதிக்கும் டின்னைப் பிடித்து வெளியே எடுத்து மேடையில் வைத்தாள். கேக் நன்றாக உப்பியிருந்தது. ஜரிகை பொசுங்கித் துணியில் ஓட்டை விழுந்திருந்தது. ஓவனுக்குள் இன்னொரு டின் இருந்தது.

வளர்மதி அப்பாவிடம் கையை நீட்டினாள்.

“பீரோ சாவியைக் குடுங்கப்பா.”