யார் கோப்பையும் காலி இல்லை

ஆபீஸ் விருந்தில் உதவி மேனேஜர் போங், தன் கோப்பையில் தானே சோஜு மதுவை ஊற்றிக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் குவோனுக்குச் சுருக்கென்றது.

பெரியவர் ஊற்ற, சின்னவர் இரண்டு கையாலும் வாங்குவதுதான் மரியாதை. தனக்குத் தானே ஊற்றிக்கொண்டால் எதிரே இருப்பவருக்கு மூன்று வருஷம் பீடை என்பார்கள் குவோனின் ஊரான டேகுவில்.

"என்னப்பா போங், மரியாதையை எல்லாம் அடகு வெச்சிட்டியா?"

"தாகம் சார்!" என்று இளித்தான்.

போன மாதம் வேலைக்குச் சேர்ந்த யேரின்கூடத் தானே ஊற்றிக்கொண்டாள். அதுவும் பாதி குடித்த கோப்பையில்.

"ஏம்மா, பாதிக் கோப்பையில ஊத்துறது செத்தவங்களுக்குப் படைக்கிறப்பதான். எனக்குத் திவசமா பண்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் அவரிடம் கோப்பையை நீட்டவில்லை.

குவோனுக்கு ஒன்றும் புரியவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. திங்கட்கிழமை டாக்டர் 'பார்க்கின்சன்' என்று சொன்னதிலிருந்தே மனசு இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. மேசைக்கடியில் வலது கை தன்பாட்டுக்கு நடுங்கியது.

"ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க. தனியா சுமக்காதீங்க" என்கிறாள் மனைவி. யாரிடம் சொல்வது? சொன்னால் நாற்காலி இருக்குமா? மரியாதைதான் இருக்குமா?

இப்போதே இல்லையே! விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. ஆள் சாய்ந்தால் ஏறி மிதிப்பதுதானே உலகம்.

எழுந்து போய் முகம் கழுவினார். திரும்பி வரும்போது, அறைக்குள் போங் யாரையோ திட்டுவது கேட்டது. கதவருகிலேயே நின்றார்.

"யேரின், சொன்னது மண்டைல ஏறலையா? உன் கோப்பை காலியா கெடக்கு!"

"தலை சுத்துது சார். இதுக்கு மேல முடியாது."

"தண்ணியையாவது ஊத்தி வை. காலிக் கோப்பையப் பாத்தா அவரு புட்டியத் தூக்குவாரு. கை நடுங்கும். இத்தனை பேரு முன்னாடி அவருக்கு எப்படி இருக்கும்? என்ன வியாதியோ... அவரா சொல்றப்ப சொல்லட்டும். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. புரிஞ்சுதா?"

குவோன் உள்ளே வந்தார். யேரின் அவசரமாகத் தண்ணீரை ஊற்றப் போனாள். தடுத்துவிட்டு, சோஜுப் புட்டியை எடுத்தார். கை நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

"போங், கொஞ்சம் என் முழங்கையைப் பிடிச்சுக்கோப்பா."